துளையுள்ள பாதம்

விக் நகரில் பனிமூட்டம் இறங்கினால்
மூன்று நாளைக்கு எழுந்து போகாது.
தேவாலயக் கோபுரம் பாதிதான் தெரியும்,
மீதி அடுத்த மாதக் கணக்கில்.

இரவு மூன்று பன்னிரண்டு.
கண் திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை.
கூரையின் விட்டம் தெரிகிறது.
அலமாரிக் கதவில் ஒலெகேரின் மழைக்கோட்டு,
பக்கத்தில் அவன் குறட்டை.
தூக்கு என்கிறேன் கையிடம்.
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்போல
அது கிடக்கிறது.

அப்போது வருகிறது.
மூச்சு கேட்காது, தரையில் இரும்பு தட்டுவது மட்டும் கேட்கும்.
கன்றுக்குட்டி உயரக் கறுப்பு நாய்.
கால்மாட்டில் ஏறி, முழங்கால், வயிறு,
நெஞ்சுக்குழிக்கு வந்ததும்
வாலைச் சுருட்டி உட்கார்ந்துவிடும்.
பெசாந்தா.
இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அதன் பெயர் தெரியும்,
தன் வீட்டுக்கு வந்ததாக யாரும் சொல்வதில்லை.

அதன் பாதங்களில் துளை உண்டு என்பார்கள்.
எதைத் திருடினாலும் வழியிலேயே ஒழுகிவிடுமாம்.
என்னிடம் எதைத் திருட வந்தாய் என்று கேட்க
நாக்கு வேண்டும். நாக்கும் கிடக்கிறது.

டாக்டர் கம்ப்ரூபி சிரித்தார்.
“கனவு ஓடும்போது உடம்பைப் பூட்டிவைப்பது மூளையின் வேலை.
உங்களுக்குச் சாவி வர ஒரு நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.
மல்லாந்து படுக்காதீர்கள். மாலைக் காபி வேண்டாம்.
மனசில் ஏதாவது பாரம்?”
“ஒன்றுமில்லை” என்றேன்,
சம்பளச் சீட்டில் முத்திரை குத்துவதுபோல.

பாரம் என்ன பாரம், ஒரு தாள்.
நாற்பத்து மூன்று பெயர்.
அகரவரிசையில் அடுக்கியது நான்,
ஈட்டுத்தொகையைப் பெருக்கிப் போட்டது நான்.
முப்பத்தொன்றாம் தேதிவரை மூச்சு விடக்கூடாது
என்று சொன்ன மேலாளர்
முழ நீளத் தொத்திறைச்சி ஒன்றைக் கையில் கொடுத்தார்.
சமையலறை ஆணியில் இன்னும் தொங்குகிறது,
வெள்ளையாகப் பூத்து.
ஒலெகேர் கத்தியோடு நெருங்கும்போதெல்லாம்
இன்னும் காயட்டும் என்கிறேன்.

பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன்.
அழுகை இல்லை. பசி உண்டு.
தாடை மட்டும் வலிக்கிறது.
சொல்லாததை மென்றால் வலிக்குமா?

சாப்பாட்டு அறையில் துரியா
மகளின் பல் கம்பிக்கு விலை விசாரிக்கிறாள். ஒன்பது.
இஸ்ஸிஃபு தம்பிக்கு விமானச் சீட்டு தேடுகிறான். பதினேழு.
கிர்ஸே கைபேசியை நீட்டுகிறான்:
கார், சாம்பல் நிறம், அறுபது தவணை,
வெள்ளிக்கிழமை கையெழுத்து.
“நிறம் எப்படி ரெமெய்?”
“நல்ல நிறம்.”
முப்பத்து நான்கு.

அன்றிரவு நாய் பெருத்திருந்தது.

வியாழன் மாலை, வண்டி நிறுத்துமிடம்.
பனியில் விளக்குகள் மட்டும் நடமாடின.
அவன் பழைய வண்டியின் கண்ணாடியைத் தட்டினேன்.
“கிர்ஸே, அந்தக் காரை வாங்காதே.”
“ஏன், விலை அதிகமா?”
நான் பேசாமல் நின்றேன்.
சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் விட்டான்.
எஞ்சினை அணைத்தான்.
ரொம்ப நேரம் அங்கே நின்றோம் என்று நினைக்கிறேன்,
என் செருப்புக்குள் ஈரம் ஏறியிருந்தது.

இரவு வந்தது.
வராது என்று நானும் நம்பவில்லை.
அதே விட்டம், அதே மழைக்கோட்டு, அதே இரும்பு.
எடையை எண்ணிப் பார்த்தேன்.
பழக்கதோஷம்.
நாற்பத்திரண்டு.

இடது சுண்டுவிரல்
பூனைக்குட்டி கண் விழிப்பதுபோல் ஒரு முறை அசைந்தது.
பிறகு அதன் அடுத்த விரல்.
விரல் ஒலெகேரின் விலாவைத் தொட,
“என்ன?” என்றான் தூக்கத்துக்குள்ளிருந்து.

தாடை வலித்தது.
“ஒன்பது” என்றேன், “துரியா.”

நாய் குனிந்து
தன் பாதத்தைப் பார்த்தது.